பைப்பிலிருந்து சிகாருக்கு: எதை வாங்குவது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். பல வருடமாகப் பைப் பிடிக்கிறீர்கள். வீட்டில் இருப்பது பெரும்பாலும் வர்ஜீனியா ஃபிளேக்கும் (இனிப்பான வர்ஜீனியா இலையை அழுத்திச் சீவியது), புகைவாடை அடிக்கும் லடாக்கியா இலை கலந்த இங்கிலிஷ் மிக்சரும். துபாயிலிருந்து வந்த நண்பர் தடிமனான, கறுத்த சிகார் ஒன்றைக் கொடுத்தார். பாதிகூட முடியவில்லை, தலை சுற்றி வியர்த்துவிட்டது. சிகார் உங்களுக்கு ஒத்துவராதா, ஒத்துவருமென்றால் எதிலிருந்து ஆரம்பிப்பது, சென்னை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள்.

தாராளமாக ஒத்துவரும். நண்பர் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார், ஆனால் அது உங்களுக்கான அளவு இல்லை.

பைப்பில் எல்லாமே உங்கள் கையில் இருக்கிறது. எவ்வளவு போடுவது, எவ்வளவு இறுக்கமாக அடைப்பது, ஈரமாக இருந்தால் கொஞ்ச நேரம் காகிதத்தில் பரப்பிக் காயவிடுவது, போதுமென்று தோன்றினால் பாதி பவுலோடு (பைப்பின் கிண்ணம்) நிறுத்துவது, இதெல்லாம் நீங்கள் எடுக்கும் முடிவுகள். சிகாரில் இந்த முடிவுகள் அத்தனையையும் சுருட்டியவர் உங்களுக்கு முன்பே எடுத்துவிட்டார். பற்றவைத்த பிறகு நீங்கள் மாற்றக்கூடியது இழுக்கும் வேகம் ஒன்றைத்தான். அதனால் பைப்பைப் பிடிக்கும்போது காட்டும் கவனத்தைச் சிகாரில் கடையிலேயே காட்டிவிட வேண்டும். அளவு, இலை, சுருட்டியிருக்கும் தரம் என்ற வரிசையில் பாருங்கள். பிராண்டு அதற்கப்புறம் வரட்டும்.

முதலில் தலை சுற்றிய கதை. பைப்பில் ஒரு தடவைக்கு 2, 3 கிராம் புகையிலை போடுவீர்கள். பெரிய சிகாரில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம். அதோடு வர்ஜீனியாவுக்கும் சிகார் இலைக்கும் பதப்படுத்தும் முறையே வேறு. வர்ஜீனியாவைச் சூடான அறையில் சீக்கிரம் உலர்த்திவிடுவார்கள், அதனால் இலையிலுள்ள சர்க்கரை அப்படியே தங்கிவிடும். புகையில் அமிலத்தன்மை இருக்கும். சிகார் இலை கொட்டகையில் வாரக்கணக்கில் காற்றில் தொங்கி, பிறகு பெரிய குவியல்களாக அடுக்கப்பட்டு, தன் சூட்டிலேயே நொதிக்கும். சர்க்கரை பெரும்பாலும் போய்விடும், புகை காரத்தன்மைக்கு மாறும். அந்தப் புகையிலிருந்து நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே வேகமாக ஏறிவிடும், உள்ளே இழுக்கவே வேண்டாம். பைப் பழக்கம் இருக்கிறதே, தாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அடுத்த முறை சாப்பிட்ட பிறகு பிடியுங்கள். பக்கத்தில் இனிப்பாக ஏதாவது இருக்கட்டும். லேசாகக் கிறுகிறுத்தாலே வைத்துவிடுங்கள்.

இதையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்: உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து பைப்புக்கும் உண்டு, சிகாருக்கும் உண்டு. பைப்போடு சிகாரையும் சேர்த்துக்கொள்வதைவிட, பைப் பிடிக்கும் ஒரு நாளுக்குப் பதிலாகச் சிகார் என்று வைத்துக்கொள்வது மேல்.

அப்புறம் நிறம். கறுத்திருந்ததால்தான் தலை சுற்ற அடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. மதூரோ எனப்படும் கறுத்த மேலிலை, அதாவது சிகாரின் வெளிப்பக்கம் சுற்றும் இலை, கூடுதல் நாள் நொதித்ததால் கறுத்தது. பல சமயம் கோகோ, வெல்லப்பாகு வாசனையோடு இதமாகவே இருக்கும். வீரியம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் இலையைப் பொறுத்தது. செடியின் உச்சியில் வெயிலை வாங்கி வளரும் தடித்த இலைக்கு லிகேரோ என்று பெயர். நடுவில் இருப்பது செக்கோ, அடியில் இருப்பது வொலாடோ. லிகேரோ அதிகம் வைத்துச் சுருட்டியிருந்தால் மேலே வெளுத்த இலை இருந்தாலும் அடிக்கும்.

சரி, அளவு. சிகாரின் தடிமனை ரிங் கேஜ் என்று சொல்வார்கள். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. 64 என்றால் சரியாக ஓர் அங்குலம். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் நண்பர் கொடுத்தது 54-க்குக் குறையாது. புதிதாக வருகிறவர்களுக்குக் கடைக்காரர்கள் வழக்கமாக ரொபஸ்டோவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 5 அங்குல நீளம், 50 ரிங். தடிமனாக இருப்பதால் வேகமாக இழுத்தாலும் சீக்கிரம் சூடாகாது, சிகரெட்டிலிருந்து வருகிறவருக்கு அது வசதி. உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியதில்லை. மெதுவாக உறிஞ்சிப் பழகிய பைப்காரருக்கு ஒல்லியான சிகார்தான் பொருத்தம் என்பது என் கருத்து. ஒல்லியாக இருந்தால் மேலிலையின் பங்கு கூடும், ருசியில் கணிசமான பங்கு மேலிலையில் இருக்கிறது.

அதனால் பெட்டிட் கொரோனாவில் ஆரம்பியுங்கள். கியூபாக்காரர்கள் கணக்கில் 129 மில்லிமீட்டர், 42 ரிங். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடியும், உங்கள் ஒரு பவுலுக்கு ஏறக்குறைய சமம். அடுத்தது கொரோனா, 142 மில்லிமீட்டர், அதே 42 ரிங். சர்ச்சில் அளவு 178 மில்லிமீட்டர், 47 ரிங். ஒன்றரை மணி நேரம் உட்கார நேரம் இருந்தால் பார்க்கலாம். 192 மில்லிமீட்டர் நீளமும் 38 ரிங்கும் கொண்ட லான்சேரோவைச் சுருட்டுவதும் கஷ்டம், அவசரப்படாமல் பிடிப்பதும் கஷ்டம். ஆனால் கொஞ்ச நாள் கழித்து அதை ரொம்ப ரசிப்பவர்கள் பைப்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

இனி இலை. உங்கள் டின்னில் இருக்கும் ருசிகளுக்குச் சிகாரில் நேர் ஜோடி தேடினால் பாதிக்குத்தான் கிடைக்கும்.

வர்ஜீனியாவுக்கு ஜோடி கிடையாது. அந்த உலர்ந்த பழ இனிப்பு சர்க்கரையிலிருந்து வருவது, சிகார் இலையில் அது இல்லை. அந்த எதிர்பார்ப்பை வாசலிலேயே விட்டுவிட்டால் வர்ஜீனியாக்காரருக்கு நெருக்கமானது கனெக்டிகட் ஷேட் மேலிலை. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் துணிப் பந்தல் போட்டு, வெயிலை வடிகட்டி வளர்க்கிறார்கள். அதே விதையை ஈக்வடாரில் வளர்த்தால் பந்தல் தேவையில்லை, அங்குள்ள மேகமே போதும். வெளிர் பழுப்பு, மெல்லிய நரம்பு. ருசி வைக்கோல், ரொட்டி, பாலாடை பக்கம் போகும். மக்கனூடோ கஃபே இந்த வகையில் பெயர் பெற்றது, சிலருக்குச் சப்பென்றிருக்கும். அர்துரோ ஃபுயெந்தேயின் ஷாத்தோ ஃபுயெந்தே அதைவிட ஒரு படி மேல்.

பர்லி என்ற பைப் புகையிலை பிடிப்பவராக இருந்திருந்தால் வேலை எளிது. பர்லியும் காற்றில் உலர்த்தியதுதான், அந்தக் கொட்டை வாசனையும் கோகோவும் சிகாரில் நேராகவே கிடைக்கும். நிகராகுவா இலை முழுக்கவும் போட்ட பத்ரோன் லோந்த்ரெஸ் 42 ரிங்தான், கேட்டுப் பாருங்கள். மெக்சிகோவின் சான் அந்த்ரெஸ் மேலிலையும், வெயிலில் வளர்ந்த கனெக்டிகட் பிராட்லீஃபும் இதே குடும்பம். வர்ஜீனியாவில் பெரிக் என்ற காரமான இலை கலந்தது பிடிக்குமென்றால், நிகராகுவாவின் எஸ்தெலி பகுதி இலையில் அந்த மிளகுக் காரம் உண்டு. ஓரியண்டல் இலைகளின் லேசான மசாலா மணத்துக்கு நான் கைகாட்டுவது கேமரூன் மேலிலையை. ஃபுயெந்தேயின் ஹெமிங்வே வரிசையில் வரும் ஷார்ட் ஸ்டோரி அந்த மேலிலை போட்டதுதான், 4 அங்குலம்தான் நீளம், இரண்டு முனையும் ஒடுங்கியிருக்கும்.

லடாக்கியாதான் சுவாரசியமான விஷயம். சைப்ரஸில் மணமுள்ள புதர்களையும் மரங்களையும் எரித்து அந்தப் புகையில் இலையைத் தொங்கவிடுகிறார்கள். கியூபாவிலோ டொமினிகன் குடியரசிலோ இப்படிச் செய்வதில்லை, ஆகவே சாதாரண சிகார் எதிலும் அந்தப் புகைவாடை வராது. உங்களைப் போன்றவருக்கு வழி இத்தாலியில் இருக்கிறது. தொஸ்கானோ சிகார் கென்டக்கி வகைப் புகையிலையில் மட்டும் செய்வது. இலையை விறகு நெருப்பின் மேல் உலர்த்துவார்கள். 1815-ல் ஃப்ளாரன்ஸ் தொழிற்சாலை வாசலில் காய்ந்துகொண்டிருந்த இலை மழையில் நனைந்து நொதித்துவிட்டது, வீணாக்க மனமில்லாமல் சுருட்டி விற்றார்கள், அதுவே தொஸ்கானோ ஆனது என்று அவர்கள் கதை சொல்வார்கள். இன்றைக்கும் நனைத்து நொதிக்கவைத்துத்தான் செய்கிறார்கள்.

பார்க்க அழகாக இருக்காது. நடுவில் பருத்து, இரு முனையும் ஒடுங்கி, மேடும் பள்ளமுமாக மரக்குச்சி போல இருக்கும். தலைப்பக்கம் வெட்டுவதற்கு மூடி கிடையாது. இத்தாலியர்கள் நடுவில் வெட்டி இரண்டாக்கி, பாதியைப் பிடித்துவிட்டு மீதியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். பாதித் தொஸ்கானோவே நல்ல காரம், ஆகவே முழுசாகப் பற்றவைக்க வேண்டாம். ருசி தோல், விறகுப் புகை, கொஞ்சம் புளிப்பு. லடாக்கியாவின் சாம்பிராணி மணம் இருக்காது. கென்டக்கி கலந்த பைப் புகையிலை பிடித்திருந்தால் உடனே அடையாளம் தெரியும். உலர்ந்த நிலையிலேயே பிடிப்பது என்பதால் ஈரப்பதப் பெட்டியும் தேவையில்லை. லடாக்கியாக்காரருக்கு என் முதல் பரிந்துரை கியூபா சிகார் அல்ல, தொஸ்கானோ ஆந்திகோதான். நிகராகுவாவில் ட்ரூ எஸ்டேட்காரர்களும் கென்டக்கியில் புகையூட்டிய இலையைக் கலந்து ஒரு வரிசை போடுகிறார்கள், கிடைத்தால் பாருங்கள்.

வாசனை ஏற்றிய அரோமாட்டிக் பைப் புகையிலைக்கு ஜோடி அதே ட்ரூ எஸ்டேட்டின் ஆசிட் வரிசை. எனக்குப் பிடிக்காது. உங்களுக்கும் பிடிக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, காசும் குறைவு. சிகார் இலை கலந்த பைப் புகையிலையே விற்கிறார்கள்: கார்னெல் அண்ட் டீலின் பில்லி பட், ஜி.எல். பீஸின் கீ லார்கோ. இரண்டிலும் லடாக்கியாவும் உண்டு, ஆகவே பழகிய இடத்திலிருந்தே சிகார் ருசியைத் தொட்டுப் பார்க்கலாம். கையில் மலிவான சிகார் இருந்தால் சின்னத் துண்டைக் கத்தரியால் பொடியாக நறுக்கி, சோளக்கதிர் பைப்பில் கால் பவுல் போட்டுப் பாருங்கள். மரப் பைப்பில் வேண்டாம், அந்த வாடை அடுத்த வர்ஜீனியாவோடும் வந்து நிற்கும்.

நம் ஊர்ச் சுருட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உறையூரில் சுருட்டிய திருச்சி சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் லண்டன்வரை போயின. வின்ஸ்டன் சர்ச்சிலுக்கே அது பிடிக்கும் என்பார்கள். இரண்டு முனையும் திறந்திருக்கும், வெட்ட வேண்டியதில்லை. ஆனால் காரம் கடுமை, பதம் கையைப் பொறுத்து மாறும். தெரிந்துகொள்ள ஒன்று பிடியுங்கள். சிகாரின் அரிச்சுவடியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடையில் என்ன பார்ப்பது? பெட்டியிலிருந்து எடுத்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து, அடியிலிருந்து தலைவரை லேசாக உருட்டிக்கொண்டே போங்கள். அழுத்தினால் கொஞ்சம் கொடுத்து உடனே திரும்பி வர வேண்டும். ஓரிடத்தில் திடீரென்று மெத்தென்றிருந்தால் அங்கே இலை குறைவு, அந்த இடம் வந்ததும் சூடாக எரியும். ஓரிடம் கட்டையாக இருந்தால் உள்ளே முடிச்சு, புகை வராது. பைப்பை அதிகமாக அடைத்துவிட்டால் கிளறிவிட்டுத் திரும்ப அடைக்கலாம், இதில் அது நடக்காது. சலசலவென்று சத்தம் கேட்டால் காய்ந்துபோனது. பிறகு பற்றவைக்கும் முனையைத் திருப்பிப் பாருங்கள். மடித்து வைத்த நீள இலைகளின் விளிம்புகள் தெரிந்தால் நல்லது. வெறும் தூளும் துணுக்கும் தெரிந்தால் அது துண்டு இலை சிகார், சீக்கிரம் எரியும், துகள் வாய்க்குள் வரும். மேலிலையில் கிழிசல் இருக்கக் கூடாது, நரம்பு தடித்திருந்தால் எரிவது கோணும். வாங்காத சிகாரைப் பலமாக அழுத்தவும் வேண்டாம், மூக்கில் ஒட்டி முகரவும் வேண்டாம், கடைக்காரர் முகம் மாறிவிடும்.

கியூபா சிகார் என்றாலே உசத்தி என்ற பேச்சு உண்டு. நல்லதுதான், ஆனால் முதல் சிகாராக அதற்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. 2022-ல் கோஹிபா, டிரினிடாட் விலைகளை உலகம் முழுக்க ஏற்றிவிட்டார்கள். ஆசைக்கு ஒன்று என்றால் மாண்டெக்ரிஸ்டோ நம்பர் 4, அதே 129 மில்லிமீட்டர், 42 ரிங். நேரம் குறைவென்றால் பார்த்தகாஸ் ஷார்ட்ஸ், 110 மில்லிமீட்டர். பெட்டியில் ‘டொடால்மென்தே ஆ மானோ’ என்று முத்திரை இருந்தால் முழுக்கக் கையால் செய்தது. அதோடு ‘த்ரிபா கோர்த்தா’ என்றும் இருந்தால் உள்ளே துண்டு இலை. போலி ஏராளம், அதிலும் கோஹிபாதான் அதிகம். கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டியை யாராவது நீட்டினால் விலையே கேட்காதீர்கள், அப்படி ஒரு பெட்டியைக் கியூபாவில் செய்வதே இல்லை.

பிடிக்கும் முறையில் உங்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். தலைப்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன மூடியில் வளைவு முடியும் இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே வெட்டுங்கள். கீழே இறங்கினால் மேலிலை பிரிந்துவிடும். வெட்டியதும் பற்றவைக்காமல் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், காற்று தாராளமாக வர வேண்டும். தீயை முனைக்குக் கீழே கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சிகாரைச் சுழற்றிக்கொண்டே விளிம்பு முழுக்கக் கறுக்கவிட்டு, பிறகு இழுங்கள். பைப்பின் முதல் பற்றவைப்பு போலத்தான், அமுக்கும் வேலை மட்டும் இல்லை. பைப் விளிம்பைக் கருக்கிவிடும் என்று நீங்கள் ஒதுக்கிவைத்த ஜெட் லைட்டருக்கு இங்கே வேலை உண்டு. தீக்குச்சியும் போதும், மருந்து எரிந்து முடியட்டும்.

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், ஓர் அங்குலம்வரை தானாக நிற்கும். அணைந்தால் கவலையே இல்லை. சாம்பலைத் தட்டி, உள்ளே நின்ற புகையை வெளியே ஊதிவிட்டுத் திரும்பப் பற்றவையுங்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கு கசந்தால் அங்கேயே வைத்துவிடலாம், நுனிவரை பிடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

சென்னையில் வைத்துக்கொள்வது பற்றி. சிகாருக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் என்பார்கள். உலர்ந்த புகையிலைக்குப் பழகிய பைப்காரர்களுக்கு 65, ஏன் 62-கூடப் பிடிக்கும், எரிவதும் ஒழுங்காக எரியும். அலங்கார மரப்பெட்டி வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் 65 என்று போட்ட போவேடா பொட்டலம் (ஈரப்பதத்தை அந்த அளவிலேயே நிறுத்துவது) ஒன்று போட்டால் போதும். நம் ஊரில் ஈரப்பதம் பஞ்சமில்லை, பிரச்சினை சூடு. 24, 25 டிகிரியைத் தாண்டினால் இலையில் ஒளிந்திருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரியலாம். குண்டூசித் துளை மாதிரி ஓட்டை தெரிந்தால் அதுதான். அதனால் வாங்கியதும் இறுக்கமாக மூடிய ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் மூன்று, நான்கு நாள் வையுங்கள். அப்புறம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அதன் பிறகு வெளியே. நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடித்துவிடும். டப்பா வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியில் இருக்கட்டும்.

பைப் புகையிலையை இதே டப்பாவில் வைக்கவே கூடாது. லடாக்கியா பக்கத்தில் கிடந்தால் கனெக்டிகட் மேலிலை அந்த வாடையைக் குடித்துவிடும். பைப் புகையிலைக்குக் கண்ணாடிப் பாட்டில் போதும், அதற்கு ஈரப்பதப் பொட்டலம் தேவையில்லை.

வாங்கும்போது பெட்டியாக வாங்காதீர்கள், ஒற்றையாக வாங்குங்கள். முதல் சுற்றுக்கு நான் சொல்வது: தொஸ்கானோ ஆந்திகோ ஒரு பாக்கெட், ஒரு ஷாத்தோ ஃபுயெந்தே, ஒரு ஷார்ட் ஸ்டோரி, ஒரு பத்ரோன் லோந்த்ரெஸ், ஒரு மாண்டெக்ரிஸ்டோ நம்பர் 4. இந்த வரிசையிலேயே பிடியுங்கள். பிடித்தது எதுவோ அதில் இரண்டாவதை வாங்கி ஒரு மாதம் டப்பாவில் வைத்துவிட்டுப் பிடியுங்கள், வித்தியாசம் தெரியும். விமானத்தில் கொண்டு வருவதானால் நம் 2016-ஆம் வருடத்து பயணப்பொதி விதிகள் வரியில்லாமல் விட்டது 25 சிகார் அல்லது 125 கிராம் புகையிலை. இரண்டும் சேர்த்து இல்லை, ஆகவே அந்தப் பயணத்தில் ஃபிளேக் டின்னா சிகாரா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். விதி மாறியிருக்கிறதா என்று கிளம்பும் முன் சுங்கத்துறை தளத்தில் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூருக்குள் நுழைந்து தங்கிவிட்டு வருவதாக இருந்தால் அங்கே புகையிலைக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரே ஒரு சிகாரானாலும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.